கம்பி எடுக்கும் நாள்

கும்மிடிப்பூண்டி
12-7-2004

அம்மா,

முதலில் நல்ல செய்தியைச் சொல்லிவிட வேண்டும் என்று நைனா சொல்லியிருக்கிறார். எல்லோரும் சவுக்கியம். இனி என் செய்தி. என் வாயில் புண் இல்லாத இடம் பாக்கியில்லை.

நேற்று இரண்டாம் ஞாயிறு. ரயில் பிடித்து மீஞ்சூர் போய் வந்தோம். பல் டாக்டர் வீரராகவன் திருவள்ளூரிலிருந்து மாதத்துக்கு ஒரு நாள்தான் அங்கே வருகிறார். அவருக்காக ஊரே கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. என் பல்லில் கட்டிய கம்பியை ஒரு முறுக்கு முறுக்கினார். இட்லியைக்கூடப் பாலில் கரைத்துத்தான் குடித்தேன். பள்ளியில் எனக்கு இப்போது "சிப்காட்" என்று பெயர். நம் ஊர் சிப்காட் பேட்டையின் இரும்பு மில்கள் போல வாய் முழுக்க இரும்பு இருக்கிறதாம். ஒன்பதாம் வகுப்பில் இவ்வளவு மூளையுள்ளவர்கள் இருக்கிறார்கள்.

நைனாவுக்கு மில் கேட்டிலேயே வாட்ச்மேன் வேலை நிலைத்துவிட்டது. பழுக்கக் காய்ந்த கம்பியை இடுக்கியால் பிடித்துத் திருப்பிய ஆள், இப்போது லாரி நம்பர் எழுதுகிறார், அதுவும் இடது கையால். வலது கை விரல்கள் அப்படியேதான் இருக்கின்றன, மடங்கவில்லை.

எனக்குக் கம்பி கட்டிய மறுநாள் நீ விமானம் ஏறினாய். கம்பிக்கு இரண்டு வருடம், உன் கான்ட்ராக்டும் இரண்டு வருடம். "கம்பி எடுக்கற அன்னிக்கு நான் பக்கத்துல நிப்பேன்" என்று மீனம்பாக்கத்தில் சொன்னாயே, அதை நோட்டில் எழுதித் தேதியும் போட்டு வைத்திருக்கிறேன். மறந்துவிட்டேன் என்று நீ சொல்ல முடியாது.

போன மாதம் போனில் மூன்று நிமிடத்தையும் அழுதே தீர்த்தாய். கடிதத்தில் அழுதால் எனக்குக் கேட்காது. அதனால் நிறைய எழுது.

பூமிகா

—

குவைத்
9-8-2004

பூமி,

வாய்ப்புண்ணுக்குத் தேங்காய் எண்ணெய் தடவு. முறுக்கு, கரும்பு பக்கம் போகாதே. மீன் முள்ளை நைனாவை எடுத்துத் தரச் சொல்லாதே, அவர் விரலுக்கு அது முடியாது.

இங்கே வீடு பெரியது, வேலையும் அதே அளவுக்கு இருக்கிறது. மேடம் கெட்டவள் இல்லை. ஆனால் போனைத் தொட விடமாட்டாள். அவளுக்கு நூரா என்று ஒரு மகள், உன்னைவிட ஒரு வயது மூத்தவள். அவளும் பல்லுக்குக் கம்பி போட்டிருக்கிறாள். அவள் சாப்பிடும்போது பக்கத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு நிற்கிறேன். உன் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று நினைப்பு அங்கே ஓடிவிடுகிறது. நேற்று அப்படி ஒரு கிளாஸ் கைதவறி உடைந்துவிட்டது.

யாராவது கேலி செய்தால் செய்துவிட்டுப் போகட்டும். என் எத்துப்பல்லை உனக்குச் சீதனமாகக் கொடுத்துவிட்டேன், அதைத் திரும்ப வாங்கத்தான் இந்தக் கம்பி. என்னைப் பெண் பார்க்க வந்த அன்று வாயைத் திறக்கவே கூடாது என்று வீட்டில் சத்தியம் வாங்கினார்கள். உன் நைனா என்னை ஊமை என்று நினைத்துக்கொண்டே தாலி கட்டினார். மூன்றாம் நாள் நான் அவரைத் திட்டியபோதுதான் அவருக்கு உயிர் வந்தது. இன்றைக்கும் சிரிப்பு வந்தால் என் கை முந்தானையைத் தேடுகிறது. உன் கை அப்படித் தேடக்கூடாது.

சொன்னது சொன்னதுதான். கம்பி எடுக்கும் நாளில் இருப்பேன்.

அம்மா
கெங்கம்மாள்

—

கும்மிடிப்பூண்டி
15-11-2004

அம்மா,

எனக்கு ஒரு யோசனை வந்திருக்கிறது. கம்பி எடுக்கும் நாளில் நீ வருவாய். அப்படியானால் கம்பியைச் சீக்கிரம் எடுத்தால் நீ சீக்கிரம் வருவாய். எங்கள் கணக்கு டீச்சரே வந்தாலும் இதில் தப்புக் கண்டுபிடிக்க முடியாது.

நேற்று டாக்டரிடம் கேட்டேன். "பல்லு இன்னா லோக்கல் ட்ரெயினாம்மா, ஃபாஸ்ட் உடறதுக்கு?" என்று சிரித்தார். கூட இருந்த சாராள் சிஸ்டரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இறுக்கமாக முறுக்கினால் சீக்கிரம் போகாதா என்றேன். போகாது, வேர் கெட்டுப்போகும் என்றார்.

நூராவுக்கு எவ்வளவு நாள் ஆகும் என்று கேட்டு எழுது. குவைத்தில் நம்மிடம் இல்லாத ஏதாவது மருந்து இருக்கும். உன் தலையணை உறையை இன்னும் துவைக்கவில்லை. நைனா துவைக்கப் போனார், பிடுங்கி வைத்துவிட்டேன்.

பூமிகா

—

குவைத்
20-2-2005

பூமி,

நூராவுக்குப் போன வாரம் கம்பி எடுத்துவிட்டார்கள். பதினான்கே மாதம்! வீட்டில் கேக் வெட்டினார்கள், நான்தான் தட்டுக் கழுவினேன்.

அவள் வெள்ளிக்கிழமைதோறும் மஞ்சளாக ஒரு மாத்திரை விழுங்குவாள், தினமும் வெள்ளையாக ஒன்று சப்புவாள். எதற்கு என்று எனக்குத் தெரிந்த அரபியில் கேட்டேன். முழங்கையைத் தட்டிக் காட்டி எலும்புக்கு என்றாள். பல்லும் எலும்புதானே? அதனால்தான் அவளுக்குச் சீக்கிரம் நகர்ந்திருக்கிறது. காலி அட்டையை எடுத்து வைத்துக்கொண்டு, மேடத்தின் அண்ணன் வீட்டில் கார் ஓட்டுகிற ஆரம்பாக்கம் தணிகாசலத்திடம் கேட்டேன். அவர் மருந்துக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். இப்போது லீவில் வருகிறார், அவரிடமே கொடுத்தனுப்புகிறேன்.

மஞ்சள் எட்டுப் பெட்டி, பெட்டிக்குப் பன்னிரண்டு. வாரத்துக்கு ஒன்றுதான், வெள்ளிக்கிழமை மட்டும். வெள்ளை தினமும் ஒன்று. நைனாவிடம் சத்து மாத்திரை என்று சொல். டாக்டரிடம் சொல்லவேண்டாம், கோபித்துக்கொள்வார்.

அம்மா

—

கும்மிடிப்பூண்டி
10-4-2005

அம்மா,

மாத்திரை வந்தது, அன்றே ஆரம்பித்துவிட்டேன். முன்பல் இரண்டுக்கும் நடுவில் நூல் நுழையாமல் இருந்தது, இன்று நுழைந்தது. நானே பார்த்தேன். டாக்டர் மட்டும் எப்போதும் போல்தான் போகிறது என்கிறார். அவருக்கு என்ன தெரியும்?

மஞ்சள் வாரத்துக்கு ஒன்று என்று எழுதியிருந்தாய். நூராவுக்கு அவசரமில்லை, அவளுடைய அம்மா அவள் வீட்டிலேயே இருக்கிறாள். எனக்கு எல்லா நாளும் வெள்ளிக்கிழமைதான்.

தீபாவளிக்குள் முடித்துவிடுவேன் என்று நினைக்கிறேன். மேடத்திடம் இப்போதே சொல்லி வை.

பூமிகா

—

குவைத்
2-5-2005

பூமி,

விளையாடாதே. வாரத்துக்கு ஒன்று என்றால் ஒன்றுதான். இந்தக் கடிதம் வந்த நாளிலிருந்து நிறுத்திவிடு.

எப்போது பார்த்தாலும் நாள் எண்ணிக்கொண்டே இருக்கிறாய். எண்ணாதே. பத்தாவது வரப்போகிறது, படி. தீபாவளி என்றெல்லாம் நீயாக நினைத்துக்கொள்ளாதே. மேடத்திடம் பேச நேரம் பார்த்துப் பேச வேண்டும்.

அம்மா

—

பொன்னேரி ஆஸ்பத்திரி
3-7-2005

அம்மா,

பயப்படாதே, எழுதுகிற அளவுக்குத் தெளிந்துவிட்டேன்.

நீ நிறுத்தச் சொன்னாய், நான் நிறுத்தவில்லை. எட்டுப் பெட்டியும் முடிந்துவிட்டன. போன மாதம் முழுக்கத் தாகம். ஒரு குடம் தண்ணீர் குடித்தாலும் நாக்கு ஒட்டிக்கொண்டது. அப்புறம் வாந்தி, வயிற்றுவலி, நிற்க முடியவில்லை. பள்ளியிலிருந்து நைனா என்னை இடது தோளில் போட்டுக்கொண்டு வந்தார். ரத்தம் எடுத்துப் பார்த்து, சுண்ணாம்புச் சத்து எக்கச்சக்கமாக ஏறியிருக்கிறது, இன்னும் கொஞ்சம் ஏறியிருந்தால் சிறுநீரகம் போயிருக்கும் என்றார்கள். நைனா வீட்டில் தேடிக் காலிப் பெட்டிகளைக் கொண்டுவந்தார். எட்டு நாளாக ஊசியும் பாட்டிலும்தான்.

டாக்டர் வீரராகவன் பார்க்க வந்தார். என்னைத் திட்டுவார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். திட்டவில்லை, கட்டிலில் உட்கார்ந்தார். பல் நகர வேண்டுமென்றால் ஒரு பக்கம் எலும்பு கரைய வேண்டும், இன்னொரு பக்கம் புதிதாக வளர வேண்டும், அதற்கு உடம்பு எடுத்துக்கொள்ளும் நாளைக் குறைக்கிற மாத்திரை என்று நிரூபணமானது எதுவும் இல்லை என்றார். எலியில் ஊசி போட்டு என்னென்னவோ பார்க்கிறார்களாம், அது எலியோடு சரியாம். நூராவுக்கு எலும்பில் சத்துக் குறைவாக இருந்திருக்கும், அதற்குக் கொடுத்திருப்பார்கள், அவளுக்குப் பல்லில் வேலையும் கொஞ்சமாக இருந்திருக்கும் என்றார். இவ்வளவு விழுங்கியும் என் பல் ஒரு நாள்கூட முன்னால் போகவில்லையாம்.

நேற்று நைனா தன் வலது கையை என் முன்னால் நீட்டினார். "மில்லுல கம்பி அவசரமா இழுத்தா அறுந்து மேல பாயும்மே. என் கைய பாத்துக்கினுதானே கீற?" என்றார். நான் அழுதுவிட்டேன்.

எனக்கு உன்னைப் பார்க்க வேண்டும், வேறு ஒன்றும் வேண்டாம். கம்பி இருக்கும்போதே வந்துவிடு அம்மா.

பூமிகா

—

குவைத்
25-7-2005

பூமி,

நைனா மேடம் வீட்டுக்குப் போன் போட்டபோதே தெரியும். உன் கடிதத்தைப் பதினைந்து தரம் படித்துவிட்டேன். குளியலறையில்தான் படிக்க முடிகிறது.

நான் ஒன்று சொல்ல வேண்டும். இதை முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும்.

ஜனவரியில் மேடத்தின் அம்மா விழுந்து இடுப்பெலும்பு உடைந்தது. தூக்கி உட்கார வைக்க ஆள் வேண்டும், இன்னும் ஒரு வருடம் இரு என்று மேடம் கேட்டாள். உன் நைனாவின் கைக்குச் சென்னையில் இன்னொரு ஆபரேஷன் செய்தால் விரல் மடங்கலாம் என்று சொல்லியிருந்தார்கள். நான் கையெழுத்துப் போட்டேன். 2007 ஜூன் வரைக்கும். என் பாஸ்போர்ட் மேடத்திடம் இருக்கிறது.

உனக்கு மாத்திரை வாங்கியது அதற்குப் பிறகுதான். நீ பதினான்கு மாதத்தில் கம்பி எடுத்தாலும் நான் வரப்போவதில்லை என்று தெரிந்துதான் வாங்கினேன். ஏன் வாங்கினாய் என்று நீ கேட்பாய். அந்தக் கடையில் நின்று, என் மகளுக்கு என்று சொல்லி, பெட்டியைக் கையில் வாங்கினேன் பார், அந்தப் பத்து நிமிடம் நான் உன் பக்கத்தில் இருந்தேன். வேறு எப்படி இருப்பது என்று எனக்குத் தெரியவில்லை. நீ ஆசையாக நாள் எண்ணிக்கொண்டிருந்தாய், அதைக் கெடுக்கவும் மனம் வரவில்லை. கெடுதலைப் பொட்டலம் கட்டி அனுப்பிவிட்டேன்.

நீ திட்டு. ஆனால் எழுதித் திட்டு.

அம்மா

—

கும்மிடிப்பூண்டி
20-8-2005

கடிதம் கிடைத்தது.

பூமிகா

—

குவைத்
12-1-2006

பூமி,

இது ஐந்தாவது கடிதம். நாலுக்கும் பதில் இல்லை. நைனா போனில் நீ நன்றாகப் படிக்கிறாய், சாப்பிடுகிறாய், மாதாமாதம் மீஞ்சூர் போய் வருகிறாய் என்கிறார். போனைக் கொடுங்கள் என்றால் குளிக்கிறாய் என்கிறார். இவ்வளவு குளிக்கிற பெண்ணை நான் பெறவில்லை.

நைனாவுக்கு அடுத்த மாதம் ஆபரேஷன் தேதி கொடுத்திருக்கிறார்கள். கூட இரு. உனக்கு என் மேல் கோபம் இருக்கட்டும், அது நியாயம். உன் கையெழுத்தை மட்டும் பார்க்க வேண்டும். கணக்கு நோட்டில் ஒரு பக்கம் கிழித்து அனுப்பினாலும் போதும்.

அம்மா

—

கும்மிடிப்பூண்டி
12-6-2006

அம்மா,

பத்தாவதில் நானூற்று முப்பத்தொன்று. அதைச் சொல்ல இந்தக் கடிதம் இல்லை.

நேற்று மீஞ்சூரில் டாக்டர் என் வாயைப் பார்த்தார், கண்ணாடியை விட்டுப் பார்த்தார், கடிக்கச் சொல்லிப் பார்த்தார். பிறகு, "முடிஞ்சுதும்மா. சொன்ன மாதிரி ரெண்டு வருஷம். கழட்டிடலாம்" என்றார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

திறக்கவே இல்லை. சாராள் சிஸ்டர் கெஞ்சினார்கள். வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். நைனாவுக்கு அவமானமாகப் போய்விட்டது. "இன்னாத்துக்கும்மா இப்படி பேஜாரு பண்ற, சீக்கிரம் எடுக்கணும்னு உயிரையே உடப் பாத்த பொண்ணு" என்றார். நான் நோட்டுப் புத்தகத்தை எடுத்து, 2004-இல் எழுதிய அந்தப் பக்கத்தை டாக்டரிடம் காட்டினேன். அவர் படித்துவிட்டு என்னை அனுப்பிவிட்டார். ஆனால் ரொம்ப நாள் விட்டால் கம்பிக்கு அடியில் பல் சொத்தையாகும் என்று எச்சரித்தார்.

ஆகட்டும். நீ வாக்குக் கொடுத்தது கம்பி எடுக்கும் நாளுக்கு. கம்பி இருக்கிற வரைக்கும் நீ பொய் சொன்னவள் ஆக மாட்டாய். இன்னும் ஒரு வருடம் என் வாயிலேயே இருக்கட்டும்.

எனக்கு உன் மேல் கோபம்தான். ஆனால் பள்ளி விட்டு வரும்போது தினமும், இன்றைக்கு நீ வந்திருப்பாயோ என்று நினைத்துக்கொண்டேதான் கதவைத் திறக்கிறேன். கோபம் வந்தும் அந்த நினைப்பு போகவில்லை.

பூமிகா

—

குவைத்
5-7-2006

பூமி, என் கண்ணே,

கம்பியை எடுத்துவிடு.

என்னைக் காப்பாற்ற உன் பல்லைச் சொத்தையாக்காதே. நான் பொய் சொன்னவள்தான், அது இருக்கட்டும், நான் சுமக்கிறேன். இங்கே மேடத்தின் கிழவி அம்மாவைத் தினமும் ஆறு தரம் தூக்கி உட்கார வைக்கிறேன், இதையும் சுமக்க மாட்டேனா?

பெண் பார்க்க வந்த நாளில் நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்ததைச் சொன்னேன் அல்லவா? நீயும் அதே மாதிரி மூடிக்கொண்டு உட்கார்ந்தாய் என்று படித்ததும் எனக்குத் தாங்கவில்லை. இதற்காகவா உனக்குக் கம்பி கட்டினேன்? வாயைத் திற. யார் இருந்தாலும் இல்லாவிட்டாலும் திற.

அம்மா

—

கும்மிடிப்பூண்டி
11-9-2006

அம்மா,

ஜூலையிலும் மாட்டேன் என்றேன், ஆகஸ்டிலும் மாட்டேன் என்றேன். நேற்றுத் திறந்தேன். ஒரு கடைவாய்ப் பல்லில் வெள்ளையாகத் திட்டு விழ ஆரம்பித்துவிட்டது. மற்றதெல்லாம் தப்பித்தது.

அரை மணி நேரம்தான். இரண்டு வருடம் மூன்று மாதம் இருந்தது அரை மணி நேரத்தில் வந்துவிட்டது. நாக்கு பல்லின் மேல் வழுக்கிக்கொண்டு போகிறது, யாருடைய வாயோ போல இருக்கிறது. உன் இடத்தில், நாற்காலிக்கு வலது பக்கம், நைனா நின்றார்.

சாராள் சிஸ்டர் கழற்றிய கம்பியைக் குப்பையில் போடப் போனார்கள். "இரும்மா, அத்த இப்டி குடு" என்று நைனா கையை நீட்டினார். வலது கை அம்மா. ஆபரேஷன் செய்த கை. கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் அந்தக் கம்பியைப் பிடித்தார். முடி கனம்கூட இல்லாத கம்பி, கீழே விழவில்லை. டாக்டர், சிஸ்டர், நான், மூன்று பேரும் பல்லை விட்டுவிட்டு அவர் விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். "பாருமே, எங்கம்மா இந்தக் கைக்கு குடுத்த ஒரு வருஷம்" என்றார். அவர் உன்னைத்தான் அம்மா என்றார் என்பது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது.

அந்தக் கம்பியைத்தான் இதோடு வைத்திருக்கிறேன். போட்டோ அனுப்ப மாட்டேன். மேல்வரிசைக் கம்பி இது. இதன் வளைவுதான் என் பல்வரிசை. விரலால் தடவிப் பார்.

ராத்திரியில் பல்லின் மேல் மாட்டிக்கொள்ள ஒரு பிளாஸ்டிக் தட்டு கொடுத்திருக்கிறார்கள். போடாவிட்டால் பல் பழைய இடத்துக்கே போய்விடுமாம். போட்டுக்கொள்கிறேன்.

இனிமேல் மாத்திரை வேண்டாம், உறுதியான தேதியும் வேண்டாம். வர முடியாது என்றால் வர முடியாது என்று எழுது. என்னால் தாங்க முடியும். பொய்யைத்தான் தாங்க முடியவில்லை.

உன் தலையணை உறையை நேற்றுத் துவைத்துவிட்டேன். வாசனை போய் ரொம்ப நாள் ஆகிவிட்டது. நீ வந்து புதிதாகப் போட்டுக்கொள்.

பூமிகா

—

குவைத்
6-10-2006

பூமி,

கடித உறையைப் பிரித்தபோது கம்பி விரலில் குத்தியது. கிழவி அம்மா என்ன அது என்று கேட்டாள். என் மகள் என்றேன். அவளுக்குப் புரியவில்லை, நான் விளக்கவும் இல்லை.

குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு தடவிப் பார்த்தேன். எங்கேயும் தடுக்கவில்லை. இது முன்பல், இது கோரைப்பல் என்று எண்ணிக்கொண்டே போனேன். பிறகு கண்ணாடி முன் நின்று என் பல்லின் மேல் வைத்துப் பார்த்தேன். என் எத்துப்பல் அந்தக் கம்பிக்கு அடங்குமா? அது ஒரு பக்கம் போகிறது, என் பல் ஒரு பக்கம் போகிறது. அசட்டுக் கிழவி என்று எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. ரொம்ப நேரம் சிரித்தேன். கை முந்தானையைத் தேடவில்லை, கையில் உன் கம்பி இருந்தது.

உண்மையை எழுதச் சொன்னாய். எழுதுகிறேன். இன்னும் எட்டு மாதம் இருக்கிறது. மேடம் ஜூனில் பாஸ்போர்ட் தருகிறேன் என்றாள். தருவாள் என்றுதான் நினைக்கிறேன், நிச்சயம் என்று எழுத மாட்டேன். இன்னொரு காகிதம் நீட்டினால் கையெழுத்துப் போட மாட்டேன், அது நிச்சயம். எனக்கு இங்கே இருக்க முடியவில்லை பூமி. மூன்று வேளையும் உன் ஞாபகம்தான்.

தட்டை ஒரு நாளும் விடாமல் போட்டுக்கொள். நைனாவை அந்த இரண்டு விரலால் தினமும் ஏதாவது எடுக்கச் சொல்.

நான் வரும் அன்று மீனம்பாக்கத்தில் கூட்டமாக இருக்கும். நீ உயரமாகியிருப்பாய், நான் தேட வேண்டியிருக்கும். அதுவரைக்கும் எல்லோரிடமும் நன்றாகச் சிரித்துப் பேசு. அன்றைக்கு மட்டும் வாயை மூடிக்கொண்டு நில். நான் பக்கத்தில் வந்து, "சிரிம்மா" என்று சொன்ன பிறகு சிரி.

அம்மா